பத்திரமாக வைக்கப்பட்ட காற்றுமானி

எங்கள் தீவில் காற்று கிடையாது. நான் சொல்லவில்லை. பதினாறு பக்கம் அச்சடித்து, சுருள் கம்பி கோத்து, தலைமை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து வாசித்தார்கள். வாசிக்க வந்த அதிகாரிக்கு மூன்று நாள் படகு கிடைக்கவில்லை. காற்று அதிகம் என்று படகை நிறுத்தியிருந்தோம். நான்காம் நாள் வந்து இறங்கியவர், ஊர் மண்டபத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னார். மேசையில் இருந்த தாள்கள் பறக்காமல் இருக்க இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி மேலே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, 'இத்தீவில் காற்றின் ஆற்றல் போதிய அளவில் இல்லை' என்று ஆரம்பித்தார்.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அது என் மாமனார் வீடு திரும்பும் விஷயமாக இல்லாமல் இருந்திருந்தால்.

நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். பதினான்கு வருடமாக அதே கூண்டு, அதே ஆடுகிற ஸ்டூல். காலை ஆறு மணிக்குத் துறைமுகத்திலிருந்து வானிலைச் செய்தி என் மேசைக்குத்தான் முதலில் வரும். காற்று எச்சரிக்கை இருந்தால் 'இன்று படகு இல்லை' என்ற பலகையை மாட்டுவேன். அதையும் கண்ணாடிக்கு உள்பக்கம்தான் மாட்டுவேன். வெளியே மாட்டினால் அது அடுத்த தெருவுக்குக் குடி போய்விடும். பலகையைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, 'அப்ப படகு எப்ப வரும்?' என்று கேட்பார்கள். நான் என்ன காற்றுக்கு அக்காவா?

காற்று வரும்போது எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வோம். எல்லாவற்றையும் உள்ளே எடுப்போம். துணி, நாற்காலி, பூந்தொட்டி, கோழிக்கூடு, கடையின் பெயர்ப்பலகை. நடக்கப் பழகிய குழந்தைகூட வாளியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடும். ஒரு பொருளை வெளியே விட்டுவைத்துப் பறக்கவிட்டவனை ஒரு மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். என் புருஷனைத் திட்டப்போகிறீர்கள், தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டுங்கள்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படகிலேயே முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர் அவர். புகையைக் குடித்துக் குடித்து நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாயை வைத்து, கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ராப்பகலாக ஓடினால்தான் அவருக்கு மூச்சு. எங்கள் தீவிலோ டீசல் ஜெனரேட்டர். காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம். சிலிண்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்றால் சிலிண்டர் வருவதும் படகில்தான். 'தீவுக்குப் போனீங்கன்னா ஒரு வாரம் தாங்க மாட்டீங்க' என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் இரண்டு வருடமாக அக்கரையில், நாத்தனார் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறார்.

நாத்தனாரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்பாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பதினோரு மணிக்கு, முதல் படகு போய் நான் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, டிக்கெட் கூண்டுக்கே போன் பண்ணுவார்.

"ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டு ஜன்னல்தான்மா தெரியுது. அந்த ஆளு பல்லு விளக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அவரும் உங்களப் பாத்துக்கிட்டேதானே மாமா விளக்கறாரு."

"அதான் சொல்றேன். ரெண்டு பேருக்கும் கஷ்டம். நான் வீட்டுக்கு வந்துட்டா அவனுக்கும் நிம்மதி."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது. இரண்டு காற்றாலை வைத்து, தீவுக்கு நாள் முழுக்க மின்சாரம் கொடுக்கப் போகிறார்களாம். ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் அதற்கு முன்னால் இங்கே காற்று இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். ஒரு வருடம் அளந்து, சராசரி வினாடிக்கு ஆறு மீட்டர் வந்தால்தான் காற்றாலை. காற்று இருப்பது எங்களுக்குத் தெரியும், காற்றுக்கும் தெரியும், காகிதத்துக்குத் தெரிய வேண்டாமா? சரி, அளந்துகொள்ளட்டும் என்றோம்.

அளக்க வந்த பொறியாளர் படகிலிருந்து காலை எடுத்து வைத்ததும் அவர் தொப்பி கடலுக்குப் போனது. அன்றிலிருந்து அவர் பெயர் தொப்பி. பாவம், நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருபது மீட்டர் கம்பம் ஒன்றை நட்டார். அடியில் கீல் வைத்த கம்பம். ரிப்பேர் என்றால் கைப்பிடியைச் சுழற்றிக் கம்பியைத் தளர்த்தி மெதுவாகக் கீழே சாய்க்கலாம். உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும் ஒரு காற்றுமானி. அடியில் ஒரு பெட்டி. கிண்ணம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அது எழுதிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று தொப்பி கேட்டதும் ஊர் நிர்வாக அலுவலகம் மொத்தமும் ஒரே ஆளைக் கை காட்டியது. என் புருஷன்.

அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஊரில் அவருக்குப் பெயர் பூட்டு. அவர் கையில் கொடுத்த பொருள் இதுவரை உடைந்ததும் இல்லை, தொலைந்ததும் இல்லை. ஏனென்றால் அது உபயோகத்துக்கே வருவதில்லை. ஸ்டோரில் ஆறு வருடமாகப் பன்னிரண்டு புது நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கின்றன. அலுவலகத்தில் ஜனங்கள் நின்றுகொண்டு மனு எழுதுகிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். நல்ல டார்ச் ஒன்று வாங்கினார். அது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கிறோம். கல்யாணத்துக்கு என் பெரியம்மா கொடுத்த கம்பளிப் போர்வையைப் பத்தொன்பது வருடமாக எனக்குக் காட்டியதோடு சரி, போர்த்திக்கொள்ள விட்டதில்லை. கஞ்சத்தனம் இல்லை, அது வேறு. ஒரு பொருள் தன் கையில் கெட்டுப்போய்விடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியது.

அப்படிப்பட்டவரிடம் போய் தொப்பி சொன்னார்: "இது ரொம்ப நாசூக்கான கருவிங்க. வெளிநாட்டுலேந்து வர்றதுக்கே ஆறு மாசம் ஆகும். ஒடஞ்சுதுன்னா மொத்த வேலையும் நின்னுடும், பாத்துக்கங்க."

கூடவே ஒரு தாளையும் நீட்டினார். 'பொறுப்பாளரின் கவனக்குறைவால் கருவிக்குச் சேதம் ஏற்படின் பொறுப்பாளரே முழுப் பொறுப்பு.' இவர் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. தொப்பி மறுநாள் போனார். அடுத்த மாதமே வேறு எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து முதல் எச்சரிக்கை வந்தது. வழக்கம்போலப் பலகையை மாட்டிவிட்டு இவருக்குப் போன் பண்ணினேன்.

"ஏங்க, எச்சரிக்கை வந்திருக்கு. மத்தியானத்துக்கு மேல பெருசா அடிக்குமாம். மாடியில துணி கெடக்கு, எடுத்துடுங்க."

"துணி கெடக்கட்டும். கருவி வெளியில இருக்கே."

"அதானே," என்றேன் நான்.

இந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அன்றைக்கு நான் கூண்டைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். ஜெனரேட்டர் பார்க்கும் பையனும் வந்தான்; ஊரில் அவன் பெயர் டீசல். மூன்று பேருமாகக் கைப்பிடியைச் சுழற்றிக் கம்பத்தைச் சாய்த்தோம். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணங்களைக் கழற்றினார். வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலமாரியைத் திறந்து, பத்தொன்பது வருடமாக எனக்குக் கிடைக்காத கம்பளிப் போர்வையை எடுத்து, அதில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வெளியே கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இவர் குனிந்து ஒருமுறை கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டார்.

"அப்பா வீட்டுக்கு வரணும்னா இது நல்லா இருக்கணும்டி," என்றார். நானும் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினேன்.

காற்று நின்றதும் மறுபடி மாட்டி நிமிர்த்தினோம். அடுத்த எச்சரிக்கைக்கு மறுபடி சாய்த்தோம். இப்படியே ஒரு வருடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டோம். கழற்றுவதிலும் மாட்டுவதிலும் டீசலுக்குக் கை அப்படித் தேர்ந்துவிட்டது, கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வான்.

காற்றை அளக்க வந்த கருவியைக் காற்றடிக்கும்போது உள்ளே எடுத்தால் அது எதை அளக்கும் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை, டீசலுக்குத் தோன்றவில்லை, தினமும் அந்த மேட்டு வழியாகப் பிள்ளைகளை அழைத்துப்போகும் கணக்கு டீச்சருக்கும் தோன்றவில்லை. பூட்டு எவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான் பார் என்றுதான் ஊரே மெச்சியது. புயல் காற்று அடிப்பது ஊரறிந்த விஷயம், அதை எதற்கு அளக்க வேண்டும். மற்ற நாளில் காற்று எப்படி என்றுதான் அவர்களுக்குத் தெரியாது, அதைத்தான் அளக்கிறார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். பொருளைக் காப்பாற்றுகிற ஊர் இது. எங்கள் புத்தி அந்தப் பக்கம்தான் ஓடும்.

மாமனார் அங்கே நாள் எண்ணிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரரிடம் ஜன்னல் வழியாகவே, இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். நாத்தனார் சொல்லிச் சிரித்தாள். அவர் அறையை நான் வெள்ளையடித்து வைத்தேன்.

இனி மண்டபத்துக்கு வருவோம். அதிகாரியோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். வரைபடங்கள் எல்லாம் அவள் போட்டதாம். அவள் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள்.

"வருடாந்திர சராசரி வேகம் மூன்று புள்ளி நான்கு," என்று வாசித்தார் அதிகாரி. "தேவை ஆறு. ஆகவே இத்திட்டம் கைவிடப்படப் பரிந்துரைக்கப்படுகிறது. விதிப்படி, ஒருமுறை நிராகரிக்கப்பட்ட இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மறு ஆய்வு கிடையாது."

என் மாமனாருக்கு ஐந்து ஆண்டு இல்லை. டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும்.

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க எங்கள் தீவின் அமைதியைப் பற்றித்தானாம். தலைப்பே 'நீடித்த அமைதிக் காலங்கள்'. ரசித்து ரசித்து வாசித்தார். "உதாரணமாக, எட்டாம் மாதம் நான்காம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை, ஆறு நாட்கள் கிண்ணம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. இத்தகைய அமைதி இப்பகுதியில் வேறெங்கும் பதிவாகவில்லை."

அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன்.

"சார், அந்த ஆறு நாளும் நான் படகு நிறுத்தியிருக்கேன். காத்துக்காக. ரிஜிஸ்டர் இருக்கு, காட்டவா?"

"அம்மா, படகுக்கான காற்று வேற, மின்சாரத்துக்கான காற்று வேற," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"எங்க ஊர்ல ஒரே காத்துதான் சார். அந்த ஆறு நாள்ல பள்ளிக்கூடத்துக் கூரை போச்சு. ரெண்டு மரம் போச்சு. நீங்க ஒரு சுத்துகூடச் சுத்தலங்கறீங்க." எனக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. குரலை இன்னும் உயர்த்தினேன். "அந்தக் கருவி அப்ப எங்க இருந்துது? அதுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல. எங்க இருந்துது அது?"

கேள்வி வாயை விட்டுப் போவதற்கும் எனக்கு விடை தெரிவதற்கும் சரியாக இருந்தது. எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் கம்பளிப் போர்வைக்குள் இருந்தது. அதைச் சுற்றும்போது முடிச்சுப் போட விரல் வைத்துப் பிடித்ததே நான்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இவரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது; தேதிகளைச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மண்டபம் முழுக்க இப்போது, "ஆமா, பதில் சொல்லுங்க" என்று அதிகாரியைப் பார்த்துக் கத்துகிறது. டீசல் மட்டும் மெதுவாகப் பின்வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்கிறேன். நான் இவர் கையைப் பிடித்து அழுத்தி, "பேசாதீங்க" என்றேன். மாமனாரைப் பற்றி அந்த நிமிடம் நினைக்கவில்லை. அந்தத் தாளில் இவர் போட்ட கையெழுத்துதான் கண் முன்னால் நின்றது. வேலை போய்விடும், ஊர் காறித் துப்பும். பேசாமல் இருந்தால் ஊர் கோபம் தலைமை அலுவலகத்தோடு போகும், நாமும் கூட்டத்தோடு கூட்டமாகத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்படியெல்லாம் என் புத்தி போயிற்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இவர் என் கையை விலக்கிவிட்டு எழுந்தார்.

"சார். அது எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்துது."

அதிகாரிக்குப் புரியவில்லை. "எது?"

"காத்துமானி. காத்து அதிகமா அடிக்கும்போதெல்லாம் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேன் சார். ஒடஞ்சுடக் கூடாதுன்னு."

ஜன்னல் கதவுகள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. முதலில் சிரித்தது கணக்கு டீச்சர். பிறகு ஒவ்வொருவராக. பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மூலையிலிருந்த பெண் எழுந்து வந்தாள். "எத்தனை நாள் கழட்டினீங்க? தேதி ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கும்மா, எழுதி வச்சிருக்கேன்," என்றார் இவர்.

ஸ்டோருக்குப் போய், மூன்று பூட்டைத் திறந்து, திரும்ப மூன்றையும் பூட்டிவிட்டு வர அவருக்கு இருபது நிமிடம் ஆனது. அட்டை போட்ட ரிஜிஸ்டர். இறக்கிய தேதி, மணி, நிமிடம், ஏற்றிய தேதி, மணி, நிமிடம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை, 'காற்று'. கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு நாள்.

"இதை ஏன் எங்களுக்கு அனுப்பல?" என்றாள் அந்தப் பெண்.

"மாசாமாசம் அனுப்பினேனேம்மா. கார்டோட சேத்து, நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு."

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் கோப்பைப் புரட்டினார். இருந்தன. பன்னிரண்டு நகலும் கிளிப் போட்டபடியே இருந்தன.

"அது இணைப்பு," என்றார் அதிகாரி. "இணைப்பெல்லாம் யாரும் படிக்கறது வழக்கம் இல்ல."

அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கருவி நிஜமாகவே வெளியே இருந்த இருநூற்று ஐம்பத்து மூன்று நாளை மட்டும் எடுத்தால் சராசரி நான்கு புள்ளி ஒன்பது. அவை எல்லாம் சாதுவான நாட்கள். விட்டுப்போன நூற்றுப் பன்னிரண்டு நாளில் காற்று ஒன்பது மீட்டர் வேகத்தில் வீசியிருந்தால்கூடப் போதும், மொத்தச் சராசரி ஆறைத் தாண்டிவிடும்.

"ஒம்பதா? ஒம்பதுக்கெல்லாம் நான் படகு நிறுத்தறதே இல்லையே," என்றேன்.

"தெரியுதுங்க. ஆனா 'வீசியிருந்தால்'னு அறிக்கையில எழுத முடியாது. அளந்திருக்கணும்." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒண்ணு செய்யலாம். கருவி வேலை செய்யாத காலத்துக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா, நிராகரிப்பை நிறுத்தி வச்சுட்டு இன்னொரு வருஷம் அளக்க விதி இருக்கு. இந்த ரிஜிஸ்டர் ஆதாரம். உங்க படகு ரிஜிஸ்டரையும் குடுங்க. ஆனா..." இவரைப் பார்த்தாள். "ஆதாரம்னு குடுத்தா உங்க பேர் மேலிடத்துக்குப் போகும்."

"போகட்டும்மா," என்றார் இவர்.

போனது. மூன்றே வாரத்தில் மேலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், இன்னும் ஒரு வருடம் அளக்க அனுமதி. இன்னொன்றில், என் புருஷனுக்கு மெமோ. குற்றம்: கவனக்குறைவு. தீவிலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே கவனம் அதிகமான மனுஷனுக்குக் கவனக்குறைவு என்று எழுதி, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். வேலை போகவில்லை, நல்லவேளை. பொறுப்பு மட்டும் கை மாறியது. புதுப் பொறுப்பாளர்: படகுத்துறை டிக்கெட் எழுத்தர். அதே தாளை எனக்கும் நீட்டினார்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மறுபடி நிமிர்த்திய கையோடு, கம்பத்தைச் சாய்க்கும் கைப்பிடியைக் கழற்றி என் டிக்கெட் கூண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மாமனாரிடம் யார் சொல்வது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியவர், அப்பாவுக்குப் போன் பண்ணி, "அப்பா, நான்தான்..." என்றதோடு நின்றுவிட்டார். போனை நான் வாங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நானும் கூட இருந்தேன், எச்சரிக்கையைச் சொன்னதே நான்தான் என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கேலி பண்ணவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல். நாத்தனாரைக் கேட்டால், "நல்லாதான் அண்ணி இருக்காரு, பேச வேணாங்கறாரு" என்றாள். அந்தக் கூண்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நான் யாருக்கும் சொல்லவில்லை.

கம்பம் நிமிர்ந்து ஒரு மாதம் ஆனபோது, இந்த வருடத்தின் முதல் பெரிய எச்சரிக்கை வந்தது. பலகையை மாட்டினேன். ஒன்பது மணிக்கெல்லாம் காற்று பிடித்துக்கொண்டது. என் கூண்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மேடும் கம்பமும் தெரியும். ஸ்டோரைப் பூட்டிவிட்டு இவர் வந்து நின்றார். தலையெல்லாம் மண்.

"கம்பம் ஆடுது," என்றார்.

"ஆடட்டும்."

"கிண்ணம் கண்ணுக்கே தெரியல, அப்படிச் சுத்துது. அந்தக் கைப்பிடியக் குடேன். கொஞ்சம் தளத்தி மட்டும் வைக்கறேன்."

"குடுக்க மாட்டேன்." நான் கைப்பிடியை ஸ்டூலில் போட்டு அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். தொடையெல்லாம் வலித்தது. "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காற்றில் வந்த மண் என்று சொன்னார்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"காத்தா அங்க?" என்றார் மாமனார். குரல் ரொம்பத் தேய்ந்துபோயிருந்தது. "இங்க நியூஸ்ல சொன்னான்."

"ஆமா மாமா. பெருசா அடிக்குது."

"அது எங்க இருக்கு?"

"வெளியிலதான் மாமா இருக்கு. சுத்துது."

இயந்திரம் இரைவது கேட்டது, அதற்குள் அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது.

"இன்னும் எத்தன மாசம்?"

"பதினொண்ணு மாமா."

"பதினொண்ணு," என்றார். அதைத் தூக்கிப் பார்த்து எடை போடுவதுபோல இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு, "அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு. பேசறீங்களா?"

"வேணாம். பேசினா மூச்சு வாங்குது. நீயே சொல்லு அவன்கிட்ட." ஒரு மூச்சு விட்டு, இன்னொரு மூச்சு இழுத்தார். "பதினோரு மாசம் நான் தாக்குப் பிடிச்சுக்கறேன். அத மட்டும் உள்ள எடுக்காதீங்க."

சரி மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார். அப்பா என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். சொன்னேன். இவர் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கைப்பிடியை அதற்குப் பிறகு கேட்கவில்லை.